உப்பு நீக்கிய பிறகு

மண்டபத்தில் ராத்திரி பஸ் ஏறி
தெர்மாகோல் பெட்டிக்குள் படுத்தபடி
விடியக்காலை சிங்காநல்லூரில் இறங்கியது
இருநூறு கிராம் மென்பவளம்.
வனத்துறை அனுமதிக்கு அலைந்தது
பதினான்கு மாதம்.

கடல் இல்லாத சீமைக்கு வந்த ஒறம்பரை.
ஆளுக்கு முன்னால் வாசம் வந்து
ஆய்வகக் கதவைத் தட்டியது.
"ஏனுங் மேடம், கருவாடுங்களா?" என்றார்
அட்டெண்டர் சென்னியப்பன்.

ஓடு இல்லை அதற்கு. ஓட முடியாது.
கடிக்க வரும் மீனுக்கு
அது சொல்லும் ஒரே பதில்
விஷம்.
அந்தப் பதிலை மெத்தனாலில் ஊறவைத்து
நாங்களும் ஒருமுறை கேட்கப் போகிறோம்.

உள்ளங்கை அகலத் தட்டு.
தொண்ணூற்றாறு குழி.
குழிக்குக் குழி மார்பகப் புற்றின் செல்கள்.
அரை நூற்றாண்டு முன்பு
எந்த நாட்டிலோ இறந்துபோன ஒருத்தியுடையவை.
அவள் போனது தெரியாமல்
இன்னும் பெருகுகிறவை.

இரண்டாம் நாள் காலை
மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.
எல்லாம் உருண்டு, சுருங்கி, மிதந்துகொண்டு.
நான் போட்ட சத்தத்தில்
டாக்டர் தெய்வசிகாமணி
செருப்பில்லாமல் ஓடிவந்தார்.
யாரும் சொல்லாமலே சென்னியப்பன்
எட்டு டீ வாங்கி வந்தார்.

பொழுது சாய்ந்துதான் பக்கத்துத் தட்டைப் பார்த்தேன்.
நோயில்லாத செல்கள்.
அவையும்
உருண்டு, சுருங்கி, மிதந்துகொண்டு.

உப்பு.
பவளத்தோடு ஒட்டி வந்த கடல் உப்பு.
மருந்து வாயே திறக்கவில்லை.

எனக்கா இது தெரியாது?
ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே
எங்கள் நாலு ஏக்கர்.
தூத்துக்குடி உப்பு லாரி லாரியாகத்
திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போய்,
பனியனில் சிவப்பும் நீலமும் ஏறிய பிறகு
நொய்யலில் இறங்கி
எங்கள் கிணற்றுக்கு வந்தது.
முதலில் மஞ்சள். அப்புறம் தென்னை.
அப்புறம் ஆட்டுக்கென்று விதைத்த சோளம்.
நான் கடலைப் பார்க்கும் முன்பே
கடல் எங்களைப் பார்த்துவிட்டது.

கொல்வது ஒரு வேலையே இல்லை.
பக்கத்தில் இருப்பதை
விட்டுவைக்கத் தெரிய வேண்டும்.

மறுபடி.
கண்ணாடிக் குழாயில் ஊற்றி
உப்பைக் கழுவிக் கழுவி இறக்கி
மிஞ்சியது மஞ்சள் பிசின்,
பதினொரு மில்லிகிராம்.
மறுபடி தட்டு. மறுபடி இரண்டு நாள்.
நான்காவது வரிசையில் மட்டும்
பாதி உருண்டிருந்தது.
பாதி.
பக்கத்துத் தட்டில்
சித்தெ வாட்டம், அவ்வளவுதான்.
யாரும் சத்தம் போடவில்லை.
டீயும் வரவில்லை.
தேதி போட்டு நோட்டில் எழுதினேன்,
பேனாவை அழுத்தாமல்.

சென்னியப்பன் சம்சாரம் பாவாயிக்கு
ஈரோட்டில் நாளைக்கு ஐந்தாவது கீமோ.
"ஆச்சுங்களா?" என்றார்.
தட்டைக் கேட்டாரா
என்னைக் கேட்டாரா தெரியவில்லை.
இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகுமுங்க,
முதலில் எலி, அப்புறம்தான் ஆள்,
நடுவில் எங்கே வேண்டுமானாலும்
நின்றுபோகும் என்றேன்.
'பின்னால வர்றவங்களுக்காச்சும் ஆகுமில்லீங்க'
என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.
சொல்லவில்லை.
விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு
மாடிக்குப் போய்விட்டார்.

கழுவி இறக்கிய உப்புத் தண்ணீர்
பீக்கரில் கால் லிட்டர் இருக்கிறது.
சிங்கில் ஊற்றினால்
சங்கனூர்ப் பள்ளம்,
சிங்காநல்லூர் குளம்,
நொய்யல்.
கால் லிட்டர்தான்.
ஏழு மணி சூலூர் பஸ் போய்விட்டது.
பீக்கரைப் பிடித்தபடி
நின்றுகொண்டிருக்கிறேன்.